முக்கால் மூடி எண்ணெய்

ஐயா மண்ணெண்ணெயை மூடியால்தான் அளப்பார். ஏதோ ஒரு பாணி மருந்துப் போத்தலின் தகர மூடி அது. பின்னேரம் ஆறு மணிக்குத் திண்ணை விளிம்பில் குந்தியிருந்து போத்தலைச் சரிப்பார். வாயில் எண்ணெய் திரண்டு ஒரு கணம் நிற்கும். விழட்டும் என்று நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்போம். ஒரு மூடி என்றால் ஒன்பதரை மட்டும் படிக்கலாம். ஒன்றரை மூடி சோதனைக் காலத்துக்கு மட்டும். கை நடுங்கி ஒரு துளி வெளியே சிந்தினால் அதை விரலால் ஒற்றித் திரியில் தடவிவிடுவார்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. கொஞ்ச நாளில் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்த வீடுகளில் முதல் மாதம் அதைத் துடைத்துத் துணி போட்டு மூடினார்கள். ஆறாம் மாதம் அது அரிசி வைக்கும் அலுமாரி ஆகிவிட்டது. எலி போகாது, நல்ல சாமான். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை என்று ஒரு பட்டியல் இருந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, மெழுகுதிரி, சவர்க்காரம், பசளை என்று அது நீண்டுகொண்டே போகும். தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பைகளைக் கொட்டிப் பார்த்துத்தான் ஆட்களை விடுவார்கள். என்னுடைய சின்னம்மா ஒருமுறை கொழும்பால் வந்து கொண்டையை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து இரண்டு பென்ரோச் பற்றறி விழுந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தா. அந்த இரண்டு பற்றறியும் தீர்ந்த பிறகும் கன காலம் அங்கேதான் இருந்தன. வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும். அப்படி மூன்று நாலு முறை உயிர் கொடுத்தோம்.

இனி விளக்கைச் சொல்லவேண்டும். ஜாம் போத்தல் விளக்கை யார் கண்டுபிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரே மாதத்தில் எல்லா வீட்டிலும் அது இருந்தது. சின்ன ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அதன்மேல் ஒரு மூடி எண்ணெய். மெல்லிய கம்பியை வளைத்துக் கால் மாதிரி உள்ளே நிறுத்தி, அதன் நடுவில் சைக்கிள் ரியூப்பிலிருந்து கழற்றிய வால்வைக் கட்டுவது. வால்வுக்குள்ளால் நூல் திரி. சுடர் ஒரு உழுந்தளவுதான் எரியும். போத்தலின் கண்ணாடியே சிமினி, காற்றுக்கு நூராது. தட்டி விழுத்தினாலும் எண்ணெயைப் பஞ்சு பிடித்து வைத்திருக்கும், பாயில் நெருப்புப் பிடிக்காது. அரிக்கன் லாம்பு ஒரு மணித்தியாலத்தில் குடிக்கிற எண்ணெயில் இது ஒரு கிழமை எரியும் என்று ஐயா சொல்லுவார். அவர் கணக்கில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஒரு சுடரைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். எழுதுகிற கையின் நிழல் கொப்பியில் விழக்கூடாது என்றால் விளக்கு இடப்பக்கம் இருக்கவேண்டும். ஆகவே விளக்கின் வலப்பக்க இடத்துக்குத்தான் ஒவ்வொரு நாளும் அடிபாடு. தங்கச்சி மட்டும் இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் அந்தக் கையால் அவள் வாங்காத பேச்சில்லை. விளக்கடியில் மட்டும் அவள் இளவரசி. மற்றப்பக்கத்து இடம் முழுக்க அவளுக்கு, போட்டிக்கு ஆளில்லை. "இந்தச் சோத்தாங்கையளுக்கு ஒரு விளக்குக் காணாது" என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பாள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. காலமை எழும்பி மூக்கைச் சீறினால் கரி வரும். படிக்கும்போது எத்தனையோ நாள் முன்மயிர் பொசுங்கியது. விமானச் சத்தம் கேட்டால் முதல் வேலை விளக்கை நூர்ப்பது, இரண்டாவது பங்கருக்கு ஓடுவது. இருட்டில் ஓடும்போதும் அம்மாவின் குரல் பின்னால் வரும்: "திரியைக் கையால அமத்தினியே? புகையவிடாத, எண்ணெய் வீண்!"

ஐயா புகையிரதத் திணைக்களத்துக்காரர். சுன்னாகம் ஸ்ரேசனில் கன வருசம் வேலை. 1905இல் காங்கேசன்துறை வரை போட்ட அந்தப் பாதையில் எந்த ரயில் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று நித்திரையிலும் சொல்லுவார். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது தான் சின்னப் பெடியனாக நின்று பார்த்ததை ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். ஊரில் அவருக்கு இருந்த மதிப்புக்கு அந்த அறிவுதான் காரணம். கொழும்புக்குப் போகிறவன், கொழும்பால் வருகிறவனைக் கூட்டிவரப் போகிறவன் எல்லாரும் முதலில் எங்கள் படலையைத் திறப்பார்கள். "மாஸ்ரர், இண்டைக்கு நேரத்துக்கு வருமோ?" அவர் ஸ்ரேசன் மாஸ்ரர் அல்ல, கிளாக்கர்தான். ஆனால் ஊர் அப்படித்தான் கூப்பிட்டது.

1990 ஆனியில் ரயிலும் நின்றது. ஒரே நாளில் அந்த அறிவு முழுக்க ஒன்றுக்கும் உதவாததாகப் போயிற்று. படலையைத் திறக்க ஆளில்லை. பிறகு ஒருநாள் தண்டவாளப் பக்கமிருந்து மாட்டு வண்டியில் சிலிப்பர் கட்டைகள் ஒழுங்கையால் போயின. பங்கர் மூடுவதற்குப் பனங்குற்றியிலும் அவை திறம். பாரம் தாங்கும், உக்காது. ஐயா வேலியடியில் நின்று பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தோம். "உதுகள் நல்ல கட்டையள். நூறு வருசம் இருக்கும்" என்றார். அடுத்த கிழமை எங்கள் பங்கருக்கும் நாலு கட்டை வந்தது. யார் கொண்டுவந்தது, காசு கொடுத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பங்கருக்குள் இருக்கும்போது ஐயா கூரையை நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

ஆனால் அவரிடம் ஒரு சாமான் மிச்சம் இருந்தது: சாவி கொடுக்கிற கைக்கடிகாரம். அதுவரை எங்களுக்கு அது வெட்கக்கேடு. ஊரில் எல்லாரும் பற்றறி மணிக்கூடு கட்டத் தொடங்கி எத்தனையோ வருசம். இவர் மட்டும் காலமையில் முறுக்கிக்கொண்டிருப்பார். தடை வந்து ஒரு வருசத்துக்குள் ஒழுங்கையிலிருந்த பற்றறி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பட்டி மட்டும் பழக்கத்தில் கைகளில் இருந்தது. படலை திரும்பத் திறக்கத் தொடங்கிற்று. "மாஸ்ரர், என்ன நேரம்?" கோயில் பூசைக்கு நேரம் கேட்க ஐயர் பெடியனை அனுப்புவார். ரியூசன் கொட்டிலிலிருந்தும் ஆள் வரும். ரயிலே இல்லாத ஊரில் ஐயா மறுபடி நேரம் சொல்லுகிறவர் ஆனார். அந்தக் காலத்தில் அவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்ததாக எனக்கு ஞாபகம். அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

இன்னொருவனைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பெடியன், ஓ/எல் மூன்று தரம் எடுத்தும் கணக்குக் கிடைக்கவில்லை. உருப்படமாட்டான் என்று அவன் தகப்பனே சந்தியில் நின்று சொல்லுவார். சைக்கிள் டைனமோவிலிருந்து வருகிற மின்சாரத்தை நேரே றேடியோவுக்குக் கொடுத்தால் பேச்சை விட இரைச்சல்தான் கூடக் கேட்கும். அவன் பழைய சாமான்களிலிருந்து நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் கழற்றிச் சேர்த்து ஒட்டி அந்த இரைச்சலை அடக்கினான். இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, இருபது பேர் இருட்டில் குந்தியிருப்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி தொண்டை அடைத்து மங்கிப் போகும். "சுத்தடா, சுத்தடா!" என்று எல்லாரும் கத்துவார்கள். பேச்சுவார்த்தையா, குண்டா, பாதை திறக்குமா என்கிற விசயம் சரியாக அந்த இடத்தில்தான் விழுங்குப்பட்டிருக்கும்.

அந்தப் பெடியன் வீட்டு வாசலில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் உடைந்த றேடியோவை மடியில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்ததை நான் கண்ணால் கண்டேன். "தம்பி, நேரமிருந்தா இதையும் ஒருக்காப் பாருங்கோ." வாங்கோ போங்கோ என்று அவனை அந்த மனிசன் பேசியது அதுதான் முதல்தரமாக இருக்கவேண்டும். இப்போது அவன் பிரான்சில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் வேலை செய்கிறான். போன வருசம் கதைத்தபோது டைனமோவைப் பற்றிக் கேட்டேன். "அதுகளை இப்ப ஆரிட்டயண்ணை சொல்லுறது?" என்றான். பிறகு அரை மணித்தியாலம் அதைப் பற்றியே சொன்னான்.

எல்லாவற்றையும் இப்படிச் சிரித்துச் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணம் ஐந்து சந்திப் பக்கம் எங்களுக்கு ஒரு தையல்காரர் இருந்தார், முஸ்லிம். அண்ணனின் கால்சட்டைக்கு அவரிடம் சீலை கொடுத்திருந்தோம். 1990 ஐப்பசி 30ஆம் தேதி அங்கிருந்த முஸ்லிம் சனங்களைக் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். உடுத்த உடுப்போடும் கையில் கொஞ்சக் காசோடும் பரம்பரை பரம்பரையாக இருந்த ஊரை விட்டு அவர்கள் போனார்கள். எங்கள் வீட்டில் அன்றிரவு இதைப் பற்றி மெதுவாகத்தான் கதைத்தார்கள். அண்ணன் மட்டும், "அப்ப என்ர சீலை?" என்று கேட்டான். பன்னிரண்டு வயது. ஐயா அவனை அடித்தார். அவர் எங்களை அடித்தது அந்த ஒருமுறைதான்.

பிறகு அந்த வீடுகளின் கதவும் நிலையும் ஓடும் கழன்றன. பழைய சாமான் என்று சந்திகளில் குவித்து விற்பார்கள். எங்கே எடுத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் வாங்க ஏலாது. அம்மா ஒருநாள் அப்படி ஒரு குவியலிலிருந்து ஒரு திருவலை வாங்கிவந்தா. நல்ல முதிரைப் பலகை, நாக்குக் கூர் கெடாமல் இருந்தது. தேங்காய் இரண்டின் விலை கூட இல்லை. அடிப்பலகையில் ஆணியால் கீறிய இரண்டு தமிழ் எழுத்து. யாரோ ஒரு பெண் பேரின் முதலெழுத்துகளாக இருக்கவேண்டும். ஐயா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்தார். எங்கள் பழைய திருவலை ஆடிக்கொண்டிருந்தது, இது அசையாது. அம்மா கொஞ்ச நாள் அதில் இருந்து தேங்காய் திருவும்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பா.

ஐந்து வருசம் கழித்து, அதே ஐப்பசி 30ஆம் தேதி, எங்கள் முறை. 1995. வலிகாமம் முழுக்க வெளிக்கிடச் சொல்லிப் புலிகளின் ஒலிபெருக்கி. இரவு, மழை. செம்மணியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்குப் போகிற அந்த ஒற்றை ரோட்டில் இலட்சக்கணக்கான சனம். ஒரு அடி வைக்கக் கால் மணித்தியாலம். குடையை மடித்து அதில் வழியும் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தவர்களைக் கண்டேன்.

வீட்டை விட்டு வெளிக்கிட எங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். ஒவ்வொருவரும் எதைத் தூக்கினார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். ஐயா காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களும் வைத்த தகரப் பெட்டி. அண்ணன் தன் ஏ/எல் நோட்ஸ் முழுவதும், ஒரு உரப்பையில். தங்கச்சி பூனை, அது கைதடியில் குதித்து ஓடிவிட்டது. நான் கிரிக்கெட் மட்டை கொண்டு போனேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அம்மா நகைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு மாட்டை அவிழ்த்துவிட்டா. கடைசி நேரத்தில் குசினிக்குள் ஓடிப்போய்த் திருவலையை எடுத்துச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினா. "உது எதுக்கு இப்ப?" என்று ஐயா கத்தினார். அம்மா பதில் சொல்லவில்லை.

சாவகச்சேரிக்கு அங்கால் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பது குடும்பத்துக்கு மேல். தென்மராட்சியில் தேங்காய்க்குக் குறைவில்லை. ஆனால் மூன்று மணித்தியாலத்தில் வீட்டை விட்டவர்களில் திருவலை தூக்கியவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த மண்டபத்தில் ஒரே ஒருவர். காலமை நாலு மணிக்கே வரிசை தொடங்கும். "அக்கா, ஒருக்காத் தாறியளே?" இடியப்பச் சொதி, சம்பல், பிட்டு என்று எல்லாம் அந்த இரும்பு நாக்கால்தான் இறங்கிற்று. திருவலையைத் திருப்பித் தரும்போது ஒவ்வொரு வீடும் ஒரு பிடி தேங்காய்ப்பூ வைத்துத் தரும். அரிசி தந்தவர்களும் உண்டு. ஒரு ஆச்சி சவர்க்காரத் துண்டு தந்தா. நூலால் அறுத்த சன்லைற், விரல் நீளம். அம்மாவின் காப்பை விற்கப் போன ஐயா, கேட்ட விலையைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பி வந்தார். அவர் வந்து உட்கார்ந்தபோது எங்கள் முன்னால் கிண்ணத்தில் தேங்காய்ப்பூ குவிந்திருந்தது.

அம்மா ஒரு நாளும் பெருமை அடிக்கவில்லை. ஒரே ஒருமுறை, வரிசை கலைந்த பிறகு, பலகையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த இரண்டு எழுத்தையும் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தா. "எந்தக் காம்பில இருக்கிறாவோ" என்றா. புத்தளத்தில் என்று யாரோ சொல்லிக் கேள்வி. நான் ஒன்றும் பேசவில்லை. பதினாலு வயதில் எனக்கு அது விளங்கவும் இல்லை.

1996 சித்திரையில் திரும்பினோம். கதவு இல்லை, ஓட்டில் பாதி இல்லை. அண்ணன் விட்டுப்போன புத்தகங்கள் மழையில் ஊறிச் சீமெந்துக் கட்டி மாதிரிக் கிடந்தன. குசினி மூலையில் ஜாம் போத்தல்கள் மட்டும் வரிசையாக, வைத்தபடி. அவற்றை யாரும் தொடவில்லை. அம்மா முதல் வேலையாக அவற்றைத்தான் கழுவினா.

ஏ9 தரைப்பாதை 2002இல் ஒருமுறை திறந்தது, பூட்டியது, பிறகு எல்லாம் முடிந்தது. ரயில் 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணம் வரையும், அடுத்த தையில் காங்கேசன்துறை வரையும் வந்தது. ஐயாவை ஓட்டோவில் ஏற்றிச் சுன்னாகம் ஸ்ரேசனுக்குக் கூட்டிப்போனோம். பழைய கட்டடம் இல்லை, எல்லாம் புதிது. சீமெந்துச் சிலிப்பர் கட்டைகள். ரயில் வந்து நின்றபோது அவர் இறங்குகிற சனத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாலு நிமிசம் பிந்தி" என்றார். பக்கத்தில் நின்ற பெடியன் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு ஓம் என்று தலையாட்டினான். அடுத்த வருசம் அவர் போய்விட்டார். மணிக்கூடு அண்ணனிடம் கனடாவில். முறுக்கினால் ஓடுகிறது, முறுக்குவதற்குத்தான் ஆளில்லை. திருவலை யாழ்ப்பாணத்தில் தங்கச்சி வீட்டில். அவள் மெசினில் தேங்காய் திருவுகிறாள். ஐந்து சந்திக்குத் திரும்பி வந்த சில குடும்பங்களிடம் ஒருமுறை விசாரித்துப் பார்த்தாளாம். இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?

2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க இருண்டது. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. நாங்கள் அப்போது கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடி. லிப்ற் இல்லை, மோட்டர் இல்லை, ஆகவே தண்ணீரும் இல்லை. அலுவலகத்தில் சிங்களச் சிநேகிதர் ஒருவர், இதுவரை ஒரு நாளும் என்னிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்காதவர், மெதுவாக வந்து, "நீங்கள் அப்போது எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார். நான் ஜாம் போத்தலைப் பற்றிச் சொன்னேன். அவர் குறிப்பெடுத்துக்கொண்டார். முப்பது வருசமாக எந்தச் சந்தையிலும் விலைபோகாத என் வித்தைக்கு அன்றைக்கு ஒரு மாணவன். எனக்குச் சந்தோசமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? அந்தச் சந்தோசத்தைப் பற்றி எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

வீட்டில் மகளுக்கு மறுநாள் சோதனை. கைபேசி வெளிச்சமும் தீர்ந்துவிட்டது. ஜாம் போத்தல் இருந்தது, பஞ்சு இருந்தது, கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் கிடந்த பழைய ரியூப்பிலிருந்து வால்வும் எடுத்தாயிற்று. மண்ணெண்ணெய்தான் இல்லை. லீற்றர் 87 ரூபாய் என்று விலை இருந்தது, எண்ணெய் இருக்கவில்லை. வரிசையில் நின்று முதியவர்கள் விழுந்து இறந்த செய்திகள் வந்துகொண்டிருந்தன. தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன். மெல்லிய திரியில் அது ஏறமாட்டேன் என்றது. அப்போது இரண்டாம் மாடி அன்ரி, கரவெட்டிப் பக்கத்து ஆள், படியேறி மூச்சிரைக்க வந்தா. கையில் சின்ன மருந்துப் போத்தல். "தம்பி, மணத்தைப் பாத்து நீர் என்ன செய்யிறீர் எண்டு விளங்கிச்சுது. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு நான் வீட்டில கொஞ்சம் வைக்காமல் இருக்கிறதில்லை" என்றா. கொழும்புக்கு வந்து இருபது வருசமாக, மாறி மாறி, ஒரு போத்தல்.

உழுந்தளவு சுடர் எழும்பியது. மகள் கொஞ்ச நேரம் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒருவரும் சொல்லாமலே விளக்கை இடப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். அன்ரி கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தா. ஒருவரும் பேசவில்லை.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது. மாடிகளெல்லாம் சேர்ந்து ஓவென்று கத்தின. மின்விசிறி சுழல முதலே என் விரல் திரியை அமத்திவிட்டிருந்தது. பஞ்சைப் பிழிந்து மிச்ச எண்ணெயை அன்ரியின் போத்தலுக்குள் திருப்பி ஊற்றினேன். மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"அப்பா, அதுக்குள்ள அப்பிடி எவ்வளவு கிடக்குது?"

நான் பதில் சொல்ல முதல் அன்ரி போத்தலை லைற்றுக்கு நேரே தூக்கிப் பிடித்தா.

"முக்கால் மூடி" என்றா.